பதின்மூன்று ஆண்டுக் கடைக்குப் பிறகு ஓர் ஐ.டி. வேலை

2022 மார்ச் 31 அன்று, கரூர் கோவை சாலையில் பதின்மூன்று ஆண்டுகள் நான் நடத்திவந்த கணினி விற்பனை மற்றும் பழுதுபார்ப்புக் கடையின் ஷட்டரைக் கடைசி முறையாக இறக்கினேன். பதினான்கு மாதங்கள் கழித்து, 2023 ஜூன் முதல் வாரத்தில், கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் உள்ள ஒரு நிறுவனத்தில் சர்வீஸ் டெஸ்க் பணியில், அதாவது கணினிப் பழுதுப் புகார்களைக் கேட்டுத் தீர்க்கும் பணியில், சேர்ந்தேன். அப்போது எனக்கு வயது 37. அந்தப் பதினான்கு மாதங்களில் எந்தப் படிப்பு எனக்கு உதவியது, எது பணத்தை மட்டும் கொண்டுபோனது, சொந்தத் தொழில் செய்தவர் தம் அனுபவத்தை எதைக் காட்டி நிரூபிக்க முடியும் என்பவற்றை, இப்போது அதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கடைக்காரர்களாக எனக்கு அறிமுகமான பலர் தொலைபேசியில் இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்லிவந்ததை ஓரிடத்தில் முழுமையாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி அலுவலகங்கள், கொசுவலை உற்பத்தியாளர்கள், பஸ் பாடி கட்டும் பட்டறைகள், இரண்டு மூன்று தனியார் பள்ளிகள் ஆகியவையே என் வாடிக்கையாளர்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் உதிரிபாகங்களை வாங்கிவந்து அசெம்பிள் செய்து விற்ற தொடக்க ஆண்டுகளில் ஒரு கணினிக்கு நியாயமான லாபம் நின்றது. பிறகு இணையத்தில் விலையைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்து பேரம் பேசும் காலம் வந்தது. 2020 ஊரடங்கில் பிள்ளைகளின் இணைய வகுப்புக்காக லேப்டாப் கேட்டு மக்கள் அலைந்தபோது எனக்குச் சரக்குக் கிடைக்கவில்லை. சரக்குக் கிடைத்தபோது கேட்பதற்கு ஆள் இல்லை. அலுவலகங்களில் கடன் நிலுவை மூன்று மாதம், நான்கு மாதம் என்று நீண்டது. தவறாமல் பணம் வந்தது ஏ.எம்.சி. என்று நாங்கள் சொல்லும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்களிலிருந்து மட்டுமே. அந்த ஒப்பந்தங்களின் பேரில் நான் செய்துவந்த வேலையைத்தான் பெரிய நிறுவனங்கள் டெஸ்க்டாப் சப்போர்ட், நெட்வொர்க் சப்போர்ட் என்ற பெயர்களில் ஆள் வைத்துச் செய்கின்றன என்பது கடையை மூடும் வரை எனக்கு உறைக்கவில்லை.

உறைக்காததன் விலையை உடனே கொடுத்தேன். கடை போய்விட்டது, இனி எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்ற எண்ணத்தோடு, டேட்டா சயின்ஸ் கற்றுத் தருவதாகச் சொன்ன ஒரு பயிற்சி மையத்தில் முன்பணமாக 15,000 ரூபாய் கட்டினேன். முழுக் கட்டணம் ஒரு லட்சத்துக்கு மேல். வேலைக்கு நூறு சதவீத உத்தரவாதம் என்றார்கள். வகுப்பில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்கள் அப்போதுதான் பொறியியல் முடித்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். பைத்தான் மொழியும் புள்ளியியலும் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் படிப்பு முடிந்த நாளில் அந்தப் பிள்ளைகளும் நானும் ஒரே வேலைக்கு ஒரே தகுதியோடு போய் நிற்போம் என்பதும், அங்கே என் பதின்மூன்று ஆண்டு உழைப்புக்கு எந்த மதிப்பும் இருக்காது என்பதும் ஐந்தாவது வாரத்தில் தெளிவாகப் புரிந்தது. முன்பணத்தை விட்டுவிட்டு வெளியே வந்தேன். டேட்டா சயின்ஸ் மோசமான துறை என்று நான் சொல்லவில்லை. நாற்பதை நெருங்கும் வயதில், குடும்பப் பொறுப்போடு வேலை மாறுகிறவர், தாம் ஏற்கெனவே செய்த வேலைக்கு அங்கீகாரம் தரும் தகுதியை முதலில் வாங்கவேண்டும், புதிய துறையை வேலையில் அமர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதே என் உறுதியான கருத்து.

படிப்பைப் பற்றி மேலும் சொல்வதற்கு முன், விண்ணப்பம் எங்கே தடைப்படுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். நௌக்ரி போன்ற தளங்களில் பதிவு செய்யும்போதே தற்போதைய நிறுவனம், தற்போதைய சம்பளம், நோட்டீஸ் பீரியட் என்று கேட்கிறார்கள். கடைக்காரரிடம் இந்த மூன்றுக்கும் நேரான விடை இல்லை. கடையின் பெயரைப் போட்டு, பதவி என்ற இடத்தில் ‘புரொப்ரைட்டர்’ என்று எழுதி நான் அனுப்பிய விண்ணப்பங்களுக்கு ஓர் அழைப்புக்கூட வரவில்லை. ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருக்கும் என் மைத்துனரின் நண்பர் அந்த விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, இதைப் படிக்கிறவருக்கு நீங்கள் ஒரு முதலாளி என்பது மட்டும் தெரிகிறது, என்ன வேலை தெரியும் என்பது எங்கேயும் இல்லை என்றார். அன்றிரவே பதவியின் பெயரை ‘ஐ.டி. சப்போர்ட் மற்றும் நெட்வொர்க் பராமரிப்பு, சொந்தத் தொழில்’ என்று மாற்றி, அதன் கீழே எத்தனை அலுவலகங்களை, எத்தனை கணினிகளோடும் சர்வர்களோடும், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை பராமரித்தேன் என்று எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. அடுத்த மாதமே இரண்டு அழைப்புகள் வந்தன.

அழைப்பு வந்தாலும், வேலை உறுதியாவதற்கு முன் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் என்ற சரிபார்ப்பு நடக்கும். முந்தைய நிறுவனம் பணியிலிருந்து விடுவித்ததற்கான ரிலீவிங் லெட்டரும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும் கேட்பார்கள். அவற்றுக்கு ஈடாக நம்மிடம் இருப்பவை அரசு ஆவணங்களே. ஜி.எஸ்.டி. எண்ணை அதன் அரசுத் தளத்தில் யார் தட்டிப் பார்த்தாலும் தொழிலின் பெயர், பதிவான தேதி, ரத்து செய்யப்பட்டிருந்தால் அந்தத் தேதி ஆகியவை தெரியும். ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்ததால், அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு வாட் பதிவுச் சான்றைத் தேடி எடுத்தேன். வருமான வரி ஒப்புகைச் சீட்டுகள், சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு, நடப்புக் கணக்கின் வங்கி அறிக்கை, ஏ.எம்.சி. ஒப்பந்த நகல்கள் ஆகியவற்றோடு, நான்கு வாடிக்கையாளர்களிடம் அவர்களுடைய லெட்டர்பேடிலேயே, இன்ன காலத்தில் எங்கள் அலுவலகத்தின் இத்தனை கணினிகளை இவர் பராமரித்தார் என்று கையொப்பத்தோடு கடிதம் வாங்கினேன். சரிபார்ப்பு நிறுவனத்தார் அந்த நால்வரில் இருவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார்கள். கடையை மூடி ஓராண்டு கழித்து அந்தக் கடிதங்களுக்காக அலைந்தது பெரும்பாடு. ஓர் அலுவலகத்தில் என்னை அறிந்த மேலாளரே மாறிப் போயிருந்தார். கடை நடந்துகொண்டிருக்கும்போதே அவற்றை வாங்கிவிடுவது நல்லது.

வருமான வரியில் ஒரு கண்ணி இருப்பதையும் சொல்ல வேண்டும். சிறு வணிகர்களில் பலரும் அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவின்படி, கணக்குப் புத்தகம் வைக்காமல், விற்றுமுதலில் 8 சதவீதத்தை, வங்கி வழியாக வந்த தொகைக்கு 6 சதவீதத்தை, லாபமாகக் காட்டி வரி அறிக்கை தாக்கல் செய்துவந்தோம். சட்டப்படி அது சரியான வழிதான். ஆனால் அந்தச் சதவீதங்கள் குறைந்தபட்ச அளவு மட்டுமே. உண்மையான லாபம் அதைவிட அதிகமாக இருந்தால் அதையே காட்டலாம். ஏ.எம்.சி. வேலையில் செலவு குறைவு என்பதால் என் கையில் நின்றது கூடுதலாகவே இருந்தது. இருந்தும் குறைந்தபட்சத்தையே ஆண்டுதோறும் எழுதி வந்தேன். சம்பளம் பேசும் நாளில் மனிதவளப் பிரிவினர் என் கடைசி வருமானமாக எடுத்துக்கொண்டது அந்த அறிக்கையில் இருந்த தொகையைத்தான். அதற்கு மேல் கேட்க என்னிடம் வேறு சான்று இல்லை.

இன்னொரு வழியை எனக்கும் காட்டினார்கள். மூன்றாண்டு அனுபவச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, ரிலீவிங் லெட்டர் எல்லாவற்றையும் ஒரு தொகைக்குத் தயாரித்துத் தரும் இடைத்தரகர்கள் கோவையிலும் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள்; அவர்களில் ஒருவர் என்னிடம் 80,000 ரூபாய் கேட்டார். வேலை கிடைக்காத ஏழாவது மாதத்தில், பள்ளிக் கட்டணம் கட்டவேண்டிய வாரத்தில், அந்தப் பேச்சு எவ்வளவு இனிமையாகக் கேட்கும் என்பதை நான் அறிவேன். பி.எஃப். கணக்கில் ஒருவர் எந்த நிறுவனத்தில் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை இருந்தார் என்பது பதிவாகியிருக்கிறது. அதைச் சரிபார்ப்போர் பார்க்கிறார்கள். வேலையில் சேர்ந்து ஓராண்டு கழித்துத் தெரியவந்தாலும் அன்றைக்கே வெளியேற்றுவார்கள். உண்மையான பதின்மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவர், பொய்யான மூன்று ஆண்டுகளைக் காசு கொடுத்து வாங்குவதைப் போன்ற அநியாயம் தமக்குத் தாமே செய்துகொள்ளக்கூடியது வேறில்லை.

பட்டப்படிப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ படித்தவன். ‘ஏதேனும் ஒரு பட்டம்’ என்று கேட்கும் விளம்பரங்களில் டிப்ளமோக்காரரின் விண்ணப்பம் பல நேரங்களில் மனிதக் கண்ணுக்கே போவதில்லை. ஆகவே 2022இல் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியில் பி.சி.ஏ. சேர்ந்து, வேலையோடு சேர்த்தே 2025இல் முடித்தேன். தொலைநிலைப் படிப்பில் சேருகிறவர்கள் அந்தப் பல்கலைக்கழகம் மட்டுமன்றி, அந்தக் குறிப்பிட்ட படிப்பும் அந்தக் கல்வியாண்டுக்கு யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவால் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கட்ட வேண்டும். பட்டம் கையில் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, ‘பி.சி.ஏ., இரண்டாம் ஆண்டு’ என்று எழுதியதே எனக்குச் சில கதவுகளைத் திறந்தது.

இனிச் சான்றிதழ்களுக்கு வருகிறேன். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு நான் கண்ட நேர்மையான வழி ஒன்றே. கரூரிலிருந்து நான் போய்வரக்கூடிய, அல்லது தங்கி வேலை செய்யக்கூடிய ஊர்களில், என் வயதையும் டிப்ளமோவையும் ஏற்கக்கூடிய வேலைகளுக்கான விளம்பரங்களை ஒரு மாதம் முழுவதும் திரட்டி, அவற்றில் கேட்டிருந்த தகுதிகளை ஒரு நோட்டில் எழுதினேன். பயிற்சி மையம் விற்க நினைப்பது ஒன்றாக இருந்தது, நிறுவனங்கள் கேட்பது வேறாக இருந்தது. ஊரில் ஒரு மையம் அப்போதும் சர்வர் நிர்வாகத்துக்கான எம்.சி.எஸ்.இ. சான்றிதழையும் சேர்த்துப் பன்னிரண்டு படிப்புகளை ஒரே கட்டணத்தில் தருவதாகப் பலகை வைத்திருந்தது. மைக்ரோசாஃப்ட் எம்.சி.எஸ்.ஏ., எம்.சி.எஸ்.இ. தேர்வுகளை 2021 ஜனவரி 31 அன்றோடு நிறுத்திவிட்டது. இல்லாத தேர்வுக்குப் பிள்ளைகள் பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எந்தச் சான்றிதழானாலும், அதை நடத்தும் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அந்தத் தேர்வு இன்று நடைமுறையில் இருக்கிறதா, எந்தப் பதிப்பு, எத்தனை ஆண்டுகள் செல்லும் என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

என் நோட்டில் மறுபடி மறுபடி வந்த பெயர் சிசிஎன்ஏ என்ற நெட்வொர்க் சான்றிதழ். நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனம் 2020 பிப்ரவரி 24 முதல் பழைய பல சிசிஎன்ஏ பிரிவுகளை ஒன்றாக்கி, 200-301 என்ற ஒரே தேர்வாக நடத்துகிறது. கட்டணம் 300 டாலர். வரியும் சேர்ந்து 2023 ஜனவரியில் எனக்கு ஏறத்தாழ 29,000 ரூபாய் ஆனது. நேரம் 120 நிமிடம். ஒரு கேள்வியைக் கடந்துவிட்டால் திரும்பி வர முடியாது. ஐந்து மாதம் படித்தேன். பாடத்திட்டத்தில் பெரிய பங்கு, அதாவது 25 சதவீதம், வெவ்வேறு நெட்வொர்க்குகளை ரவுட்டர் வழியாக இணைக்கும் ஐ.பி. இணைப்புக்கு, அடுத்து நெட்வொர்க் அடிப்படைகளுக்கும் நெட்வொர்க் அணுகலுக்கும் இருபது இருபது. இந்த மூன்றிலும் எனக்குக் கைப்பழக்கம் இருந்தது, ஆனால் அவற்றைச் சொல்லும் மொழி இல்லாமல் இருந்தது.

இதற்கு ஓர் உதாரணம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வேலையே இதில்தான் கிடைத்தது. 2014 வாக்கில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் மதிய உணவு நேரத்துக்குப் பின் ஐம்பது கணினிகளும் ஒரே நேரத்தில் செயலிழந்தன. டேலி திறக்கவில்லை, பிரிண்டர் வரவில்லை, இணையம் இல்லை. கணினிகளின் கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சில் எல்லா விளக்குகளும் ஒன்றாக, வெறி பிடித்தது போல் மின்னிக்கொண்டிருந்தன. சர்வரைச் சந்தேகித்தேன், வைரஸைச் சந்தேகித்தேன். மூன்று மணி நேரம் கழித்து ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பார்த்தபோது, சாம்பிள் அறையில் மேசையை நகர்த்திய யாரோ தொங்கிக்கொண்டிருந்த கேபிள் முனையை அதே ஸ்விட்ச்சின் இன்னொரு துளையில் செருகிவைத்திருந்தது தெரிந்தது. பிடுங்கியதும் எல்லாம் சரியாயிற்று. அன்று எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எட்டாண்டு கழித்துச் சிசிஎன்ஏ பாடத்தில் அதன் பெயர் பிராட்காஸ்ட் ஸ்டார்ம் என்றும், கேபிள் இப்படி வளையமாகிவிட்டால் ஒரே செய்தி முடிவில்லாமல் சுற்றி நெட்வொர்க்கை நிரப்பிவிடும் என்றும், அதைத் தடுக்கவே ஸ்பேனிங் ட்ரீ என்ற ஏற்பாடு, அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய மேனேஜ்டு ஸ்விட்ச்சுகளில் இருக்கிறது என்றும், நான் விற்ற மலிவான ஸ்விட்ச்சில் அது இல்லை என்றும் படித்த இரவு, எனக்குத் தூக்கமே வரவில்லை. என் கையால் தொட்ட ஒன்றுக்கு அன்றுதான் பெயர் கிடைத்தது.

படிப்பதற்குச் செலவு அதிகமில்லை. சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசர் என்ற பயிற்சி மென்பொருள் இலவசம். அதிலேயே ரவுட்டர், ஸ்விட்ச் எல்லாவற்றையும் இணைத்துப் பழகலாம். கடையில் விற்காமல் மிஞ்சிய மூன்று பழைய டெஸ்க்டாப்களில் நினைவகத்தைக் கூட்டி, ஒரே கணினிக்குள் பல கணினிகளை இயக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, ஒன்றில் விண்டோஸ் சர்வரின் சோதனைப் பதிப்பை நிறுவி, ஓர் அலுவலகத்தின் எல்லாப் பயனர்களையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி அமைத்து, பயனர் கணக்குகளையும், அவர்களுக்கான விதிகளை வகுக்கும் குரூப் பாலிசியையும் பழகினேன். ஐஐடி போன்ற கல்வி நிறுவனங்கள் இணையத்தில் பாடம் நடத்தும் என்பிடிஇஎல் தளத்தில் ஐஐடி கரக்பூரின் கணினி நெட்வொர்க் பாடத்தையும் பன்னிரண்டு வாரம் பின்தொடர்ந்தேன். பாடம் இலவசம், தேர்வு எழுத விரும்பினால் மட்டும் கட்டணம். அந்தச் சான்றிதழை எந்த நிறுவனமும் என்னிடம் கேட்கவில்லை என்றாலும், பாக்கெட் எனும் தரவுத் துண்டு ஏன் தொலைகிறது, தொலைந்ததை எப்படி மறுபடி அனுப்புகிறார்கள் என்பதை அங்கேதான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

மற்றச் சான்றிதழ்களைப் பற்றி என் மதிப்பீடு இது. கணினிப் பராமரிப்பு அடிப்படைகளுக்கான காம்ப்டியா ஏ பிளஸ் பாடத்திட்டம் கடைக்காரர்களுக்கு மிகவும் பொருத்தமானது, ஆனால் அதற்கு இரண்டு தேர்வுகள், இரண்டு கட்டணங்கள். நான் திரட்டிய நம் ஊர் விளம்பரங்களில் அதை அரிதாகவே கண்டேன். ஆகவே பாடத்தைப் படித்துவிட்டுத் தேர்வை விட்டேன். ஐ.டி. சேவையை நடத்தும் முறைகளைப் பற்றிய ஐடில் 4 ஃபவுண்டேஷன், 40 கேள்விகளில் 26 சரியாக எழுதினால் தேர்ச்சி தரும் எளிய தேர்வு. சர்வீஸ் டெஸ்க்கில் பேசும் மொழியே அதுதான் என்பதால் அதன் சொற்களை நேர்காணலுக்கு முன் அறிந்திருக்க வேண்டும், தேர்வுக்குச் சொந்தப் பணத்தைச் செலவிட வேண்டியதில்லை. என் நிறுவனம் அதைப் பிறகு தன் செலவிலேயே எழுத வைத்தது. கிளவுட், அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் கணினி வசதி, பற்றிய அமேசானின் கிளவுட் பிராக்டிஷனர் 100 டாலர். விற்பனையாளர்களும் மேலாளர்களும்கூட எழுதக்கூடிய அறிமுகத் தேர்வு அது, தனியே அதை வைத்து வேலை வாங்குவது கடினம். கிளவுட் பக்கம் போக விரும்புகிறவர்கள் 150 டாலருக்கான சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட்டை இலக்காக வைத்துக்கொள்வதே மேல். பல கணினிகளை ஓரிடத்திலிருந்து நிர்வகிப்பதில் அனுபவம் உள்ளவர்களுக்கு மைக்ரோசாஃப்ட்டின் எண்ட்பாயிண்ட் அட்மினிஸ்ட்ரேட்டர் பொருந்தும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், ஆனால் புதுப்பிக்கும் தேர்வு இலவசம், வீட்டிலிருந்தே எழுதலாம்.

நேர்காணல்களில் ஆறில் தோற்றேன். நான்கில் தோற்றதற்குக் காரணம் ஆங்கிலம். கடையில் பேசிய ஆங்கிலம் விலைப்பட்டியலுக்குப் போதுமானதாக இருந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளரின் பதற்றத்தைத் தொலைபேசியில் தணிக்கப் போதவில்லை. நடந்த ஒவ்வொரு பழுதையும், என்ன நேர்ந்தது, என்ன செய்தேன், எப்போது சரியானது என்று மூன்று நான்கு ஆங்கில வாக்கியங்களில் எழுதி, அதைச் சத்தமாகப் படித்து, கைப்பேசியில் பதிவு செய்து நானே கேட்டேன். மூன்று மாதம், நாள்தோறும் அதிகாலையில். இலக்கணப் புத்தகத்தைவிட அது பயன்பட்டது, ஏனென்றால் ஒவ்வொரு புகாருக்கும் டிக்கெட் குறிப்பு என்று அலுவலகத்தில் எழுதுவதும் அதே வடிவம்தான்.

ஏழாவது நேர்காணலில் மேலாளர் கேட்ட முதல் கேள்வி: ஓர் அலுவலகத்தின் நெட்வொர்க் முழுவதும் திடீரென்று நின்றுவிட்டது, எங்கே தொடங்குவீர்கள்? நான் அந்தச் சாம்பிள் அறைக் கேபிளைப் பற்றிச் சொன்னேன். அன்று மூன்று மணி நேரம் எடுத்ததை ஏன் இன்று பதினைந்து நிமிடத்தில் கண்டுபிடிப்பேன் என்பதையும் சொன்னேன். அடுத்து, தரவு இழப்பை எதிர்கொண்டதுண்டா என்று கேட்டார். 2017இல் ஒரு வாடிக்கையாளரின் கோப்புகள் பணம் கேட்டுக் கோப்புகளைப் பூட்டும் ரான்சம்வேரால் பூட்டப்பட்டதையும், நான் அமைத்திருந்த பேக்கப் ஹார்ட் டிஸ்க் எந்நேரமும் அதே கணினியில் செருகப்பட்டே இருந்ததால் அதுவும் சேர்ந்து பூட்டப்பட்டதையும், மூன்று மாதக் கணக்கை மறுபடி தட்டச்சு செய்ய நேர்ந்ததையும் மறைக்காமல் சொன்னேன். அது என் தவறு. அதற்குப் பிறகு ஒரு நகலையாவது இணைப்பிலிருந்து விலக்கி வைக்காமல் எந்த அலுவலகத்தையும் நான் விட்டதில்லை. மனிதவளப் பிரிவினர் கேட்டது ஒன்றே: வேலை பிடிக்காவிட்டால் மறுபடி கடை திறந்துவிட மாட்டீர்களா? கோப்பிலிருந்து ஜி.எஸ்.டி. பதிவு ரத்தான ஆணையையும், இறுதிக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்-10 தாக்கல் செய்த ஒப்புகையையும் எடுத்து வைத்தேன். கடையை முறைப்படி மூடியதற்கு அதைவிடப் பெரிய சான்று தேவைப்படவில்லை.

தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 3.25 லட்சம், பிடித்தங்கள் போக மாதம் கைக்கு வந்தது 23,000க்குச் சற்றுக் கூட. கடையின் நல்ல மாதங்களில் இதைவிட அதிகம் பார்த்திருக்கிறேன். ஆனால் வாடகை, கடைப் பையனின் சம்பளம், வராத நிலுவை, விலை இறங்கிப்போன சரக்கு என்று கழித்துப் பார்த்தால் கடைசி மூன்றாண்டுச் சராசரி இந்தத் தொகையைத் தொடவில்லை என்று என் மனைவிதான் கணக்குப் போட்டுக் காட்டினார். நமக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவான சி.டி.சி. என்று சொல்லும் தொகையில் நிறுவனம் செலுத்தும் பி.எஃப். பங்கும் பணிக்கொடையும் அடங்கியிருக்கும் என்பதால், ஒப்புக்கொள்வதற்கு முன் கையில் வரும் தொகை எவ்வளவு என்று தனியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பணி நேரம் மாலை 6.30 முதல் அதிகாலை 3.30 வரை. உடம்பு பழக நான்கு மாதம் ஆயிற்று. அதைவிடக் கடினமாக இருந்தது வேறொன்று. கடையில் எனக்குச் சரியென்று பட்டால் சர்வரை நிறுத்தித் திரும்ப இயக்குவேன், யாரையும் கேட்டதில்லை. இங்கே ஒரு சிறு மாற்றத்துக்கும் கோரிக்கை எழுதி, ஒப்புதல் வாங்கி, குறிக்கப்பட்ட நேரத்தில் செய்து, தவறினால் பழைய நிலைக்கு எப்படித் திரும்புவது என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். தெரிந்த விடையைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்புதலுக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்த இரவுகளில் எனக்குக் கோபம் வந்திருக்கிறது. ஒரே மாற்றம் நான்கு நாடுகளின் அலுவலகங்களைத் தொடும் என்பதைக் கண்ணால் கண்ட பிறகு அந்தக் கோபம் போயிற்று. என் டீம் லீட் என்னைவிடப் பதினோரு வயது இளையவர். அவர் என்னை ‘அண்ணா’ என்பார். நான் அவரைப் பெயர் சொல்லி, வாங்க போங்க என்றே பேசுவேன். நான் செய்யத் தவறியதை அவர் சொல்லும்போது வயதை நினைக்காமல் கேட்டுக்கொள்ள முடிந்தது. அது முடியாமல் விலகியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

2024 ஆகஸ்டில் நிறுவனத்துக்குள்ளேயே வந்த பணியிட அறிவிப்பின் வழியாக நெட்வொர்க் கண்காணிப்புப் பிரிவுக்கு மாறினேன், சம்பளம் 5.4 லட்சமானது. அந்த மாற்றத்துக்குச் சிசிஎன்ஏ கட்டாயத் தகுதி. அந்தச் சான்றிதழ் மூன்றாண்டுகள் மட்டுமே செல்லும். அதற்குள் தொடர்கல்விப் புள்ளிகள் 30 சேர்த்தோ, மறுபடி தேர்வு எழுதியோ புதுப்பிக்க வேண்டும், நான் புள்ளிகளைச் சேர்த்து வருகிறேன். அடுத்து லினக்ஸ் இயங்குதளத்துக்காக, ரெட் ஹாட் நிறுவனத்தின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. சான்றிதழுக்குப் படிக்கிறேன். அதில் கொள்குறி வினாக்களே கிடையாது. ஒரு கணினியைக் கொடுத்து வேலைகளைச் செய்யச் சொல்வார்கள், 300க்கு 210 வேண்டும், செய்த அமைப்பெல்லாம் கணினியை மறுதொடக்கம் செய்த பிறகும் நிலைத்திருக்க வேண்டும். கையால் வேலை செய்து வந்தவர்களுக்கு இதைவிட நியாயமான தேர்வை நான் கண்டதில்லை.

சென்ற மாதம் வேலாயுதம்பாளையத்தில் சி.சி.டி.வி. கேமரா கடை வைத்திருக்கும் நண்பர் வீட்டுக்கு வந்தார். பத்தாண்டாக ஆலைகளுக்கும் பள்ளிகளுக்கும் கேமராவும் கேபிளும் போட்டவர். பொங்கலுக்குப் பிறகு கடையை விட்டுவிட எண்ணம், சைபர் செக்யூரிட்டி படிக்கலாமா என்று கேட்டார். நீங்கள் போட்ட பெரிய இடம் எது என்றேன். ஒரு நூற்பாலையில் 96 கேமராக்கள், நான்கு ஸ்விட்ச்சுகள், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஃபைபர் என்றார். அந்த ஆலையின் மேலாளரிடம் இந்த வாரமே கடிதம் வாங்கச் சொன்னேன். அந்த 96 கேமராக்களுக்கும் என்ன ஐ.பி. முகவரி கொடுத்தீர்கள், அலுவலகக் கணினிகளிலிருந்து எப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்டபோது, பிரிக்கவில்லை, எல்லாம் ஒன்றாகத்தான் ஓடுகிறது என்றார். பாக்கெட் ட்ரேசரைத் திறந்து, அதே ஆலையை நான்கு ஸ்விட்ச்சுகளோடு வரைந்து, கேமராக்களுக்கு விலேன் எனும் தனி நெட்வொர்க் பிரிவை அமைத்துக் காட்டினேன். இரவு பதினொன்றரை வரை இருந்துவிட்டு, கோப்பைப் பென்டிரைவில் வாங்கிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை கடிதத்தோடு மறுபடி வருகிறார்.